முள் இறங்கும் காரணம்: வீட்டு பாய்லர்களின் அழுத்தக் கோளாறுகள்

பிரிட்டனில் பெரும்பாலான வீடுகள் குளிர்காலத்தைத் தாண்டுவது, சமையலறைச் சுவரிலோ மாடிப்படியின் அடியிலோ மாட்டப்பட்ட ஓர் எரிவாயு பாய்லரையும், அதில் சூடேறி அறைதோறும் உள்ள ரேடியேட்டர்களைச் சுற்றிவிட்டு அதற்கே திரும்பும் நீரையும் நம்பித்தான். ரேடியேட்டர் என்பது சுவரோரம் நிற்கும் தட்டையான இரும்புக் கலம். தன்னுள் ஓடும் வெந்நீரின் சூட்டை அறைக்குக் கொடுப்பது அதன் வேலை. இந்த நீர் குடிநீரோடு கலப்பதில்லை. ஒருமுறை நிரப்பிவிட்டால் ஆண்டுக்கணக்கில் அதே நீர் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். வெளிக்காற்றோடு தொடர்பில்லாமல் அழுத்தத்தில் அடைபட்டிருப்பதால் இவ்வமைப்பை அடைத்த சுற்று என்பர். அழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினால், நீரில்லாமல் எரிந்து கருகிப்போவதைத் தவிர்க்க பாய்லர் தானே நின்றுவிடுகிறது. வைலன்ட் நிறுவனத்தின் பாய்லர்களில் எஃப்.22 என்றும், ஐடியல் லாஜிக் வகையில் எஃப்1 என்றும் திரையில் தோன்றும் குறியீடுகள் இதையே சொல்கின்றன.

ஜனவரி மாதக் காலையில் அக்குறியீட்டைக் கண்டவுடன் வீட்டார் செய்வது பெரும்பாலும் ஒன்றே: பாய்லரின் அடியில் இருக்கும் வால்வைத் திருகி நீரை ஏற்றி, அழுத்தமானியின் முள் பழைய இடத்துக்கு வந்ததும் மூடிவிட்டு வேலைக்குக் கிளம்புவது. ஆண்டுக்கு ஒருமுறை அப்படிச் செய்வதில் தவறில்லை. ஆனால் அது மாதந்தோறும் ஆகி, பிறகு வாரந்தோறும் ஆகும்போது, போன நீர் எங்கே போயிற்று என்ற கேள்வி கேட்கப்படாமலே கிடக்கிறது. தேர்ந்த ஹீட்டிங் பணியாளர் அங்கிருந்துதான் தொடங்குகிறார். அவர் பார்ப்பது முள் எந்த எண்ணில் நிற்கிறது என்பதைக் காட்டிலும், அது எப்போது, எந்தத் திசையில் நகர்கிறது என்பதையே ஆகும்.

பழைய பிரிட்டிஷ் வீடுகளில் இந்தக் கேள்விக்கே இடமில்லாதிருந்தது. அங்கே கூரைக்குக் கீழுள்ள பரணில் ஒரு சிறு தொட்டி இருக்கும். யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ மொட்டைமாடித் தொட்டியின் உயரமே கீழ்க்குழாய்க்கு அழுத்தம் தருவதைப் போல, அத்தொட்டியின் உயரமே ரேடியேட்டர்களில் நீரை நிறுத்தி வைத்தது. நீர் சூடாகி விரிந்தால் தொட்டிக்குள் ஏறியது. எங்கேனும் கசிந்தால் மிதவை வால்வு தானாகத் திறந்து குறைந்ததை நிரப்பியது. எனவே தரைக்கு அடியில் ஒரு குழாய் பத்து ஆண்டுகள் கசிந்தாலும், உத்திரம் இற்றுப்போகும்வரை எவருக்கும் தெரியாமல் போக வாய்ப்பிருந்தது. அடைத்த சுற்று புதிய கண்டுபிடிப்பன்று. அமெரிக்காவில் பிறந்து லண்டனில் தொழில் நடத்திய ஆஞ்சியர் மார்ச் பெர்கின்ஸ் 1831-இல் காப்புரிமை பெற்ற முறையிலேயே, தடித்த இரும்புக் குழாய்களுக்குள் அடைபட்ட நீர் மிக உயர்ந்த அழுத்தத்தில் சுற்றியது. அந்நீர் விரிவதற்கென உச்சியில் காற்றடைத்த பருத்த குழாய் ஒன்றும் விடப்பட்டிருந்தது. சாதாரண வீடுகளில் அடைத்த சுற்று பரவலானது, அறைச் சூட்டையும் குழாய் வெந்நீரையும் ஒரே பெட்டியிலிருந்து தரும் காம்பி பாய்லர்கள் வந்த பிறகுதான். பரண் தொட்டி மறைத்த கசிவை இவ்வமைப்பு மறைப்பதில்லை என்பதால், அழுத்தம் இறங்குவதைப் புதிய பாய்லர்களின் குறையாகப் பேசுவது பொருந்தாது.

அழுத்தமானியில் உள்ள எண்கள் பார் என்ற அலகில் அமைந்தவை. 1 பார் என்பது ஏறத்தாழ 10 மீட்டர் உயரமுள்ள நீர்ப்பத்தி தன் அடியில் தரும் அழுத்தம். பல பாய்லர்களில் உள்ள முள் மானி, பிரான்சின் யூஜீன் பூர்தோன் 1849-இல் காப்புரிமை பெற்ற தத்துவத்தில் இயங்குகிறது: வளைந்த, தட்டையான உலோகக் குழல் ஒன்று உள்ளழுத்தம் கூடும்போது சற்றே நிமிர்கிறது, அந்த நிமிர்வு முள்ளை நகர்த்துகிறது. குளிர்ந்த நிலையில் 1 முதல் 1.5 பார் வரை என்று கையேடுகள் சொல்வது இரண்டு மாடி வீட்டை மனத்தில் வைத்துத்தான். தரைத்தளப் பாய்லருக்கு 5 மீட்டர் மேலே கடைசி ரேடியேட்டர் இருந்தால், நீர் அதை எட்டிப் பிடிக்கவே 0.5 பார் செலவாகிறது, எஞ்சியதே கையிருப்பு. லண்டனின் புறநகர்களில் 1930-களில் கட்டப்பட்ட இரட்டை வீடுகளின் பரணை அறையாக மாற்றி, அங்கும் ஒரு ரேடியேட்டரை மாட்டிவிட்டு, அழுத்தத்தை மட்டும் பழையபடி 1 பாரிலேயே வைத்திருப்பது அடிக்கடி காணப்படுவது. உச்சி அறை சூடாகவில்லை என்ற புகாருக்கு அங்கே பெரிய காரணம் தேட வேண்டியதில்லை. மாறாக, பாய்லரே பரணில் இருந்தால் அதன் மேலே நீர்ப்பத்தி எதுவுமில்லை. மானியில் குறைவாகத் தெரிந்தாலும் கீழ்த்தளத்தில் அழுத்தம் மிகுதியாகவே இருக்கும்.

மானியும் பொய் சொல்லும் என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். மானிக்குச் செல்லும் மயிரிழைக் குழலில் கசடு அடைத்துக்கொண்டால், நீரை முழுவதும் வடித்த பிறகும் முள் 1.2-இல் அசையாமல் நிற்பதுண்டு. வேறொரு மானியை ரேடியேட்டர் வடிகால் திருகில் மாட்டி ஒப்பிட்டுப் பார்க்காமல் உதிரிப்பாகங்களை மாற்றத் தொடங்குபவர் வீட்டாரின் பணத்தை வீணாக்குகிறார்.

அழுத்தக் கோளாறுகளில் மிகுதியாகக் காணப்படுவதும் மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் விரிவுக்கலத்தின் கோளாறே. விரிவுக்கலம் என்பது ரப்பர் சவ்வொன்றால் இரண்டு அறைகளாகப் பிரிக்கப்பட்ட எஃகுக் கலம். ஒரு பக்கம் சுற்றின் நீர், மறுபக்கம் காற்று அல்லது நைட்ரஜன். நீர் 10 டிகிரி செல்சியஸிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாகும்போது அதன் பருமன் ஏறத்தாழ 3 விழுக்காடு பெருகுகிறது. நீரை அமுக்கிச் சுருக்க இயலாது, வாயுவைச் சுருக்கலாம். எனவே பெருகிய நீர் சவ்வைத் தள்ளி வாயுவைச் சுருக்கி அங்கே இடம் பிடித்துக்கொள்கிறது.

இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். ராபர்ட் பாயில் 1662-இல் வெளியிட்ட விதிப்படி, வெப்பநிலை மாறாதபோது வாயுவின் அழுத்தத்தையும் பருமனையும் பெருக்கி வரும் தொகை மாறுவதில்லை. மானியின் சுழி என்பது வளிமண்டல அழுத்தத்தையே குறிப்பதால், கணக்கில் ஒவ்வோர் எண்ணோடும் 1 பாரைக் கூட்டிக்கொள்ள வேண்டும். வீட்டின் சுற்றில் 100 லிட்டர் நீர், 8 லிட்டர் விரிவுக்கலம், அதில் முன்கூட்டி அடைத்த வாயு 1 பார், குளிர்நிலை நீரழுத்தமும் 1 பார் என்று கொள்வோம். வாயுவின் தொகை 2 பெருக்கல் 8, அதாவது 16. சூடானபோது 3 லிட்டர் நீர் உள்ளே புகுந்து வாயுவை 5 லிட்டராகச் சுருக்கினால் அழுத்தம் 3.2, மானியில் 2.2 பார். நலமான அமைப்பின் முள் ஏறக்குறைய இவ்வாறுதான் ஏறி இறங்கும். அதே கலத்தில் வாயு ஆண்டுகள் செல்லச் செல்ல ரப்பரினூடே கசிந்து 0.3 பாருக்குக் குறைந்துவிட்டது என்று கொண்டால், தொகை 10.4 மட்டுமே. 1 பாருக்கு நீரேற்றும்போதே வாயு 5.2 லிட்டராகச் சுருங்கிவிடுகிறது. சூடாகி மேலும் 3 லிட்டர் புகவேண்டிய நிலையில் அழுத்தம் 4.7-ஐத் தாண்டி, மானியில் 3.7 பாரை நோக்கிச் செல்கிறது. ஆனால் 3 பாரிலேயே பாதுகாப்பு வால்வு திறந்து நீரை வெளியே தள்ளிவிடும்.

பாதுகாப்பு வால்வு என்பது அழுத்தம் 3 பாரை எட்டியதும் வில்சுருளை மீறித் திறந்துகொள்ளும் காவல் உறுப்பு. அது வெளியேற்றும் நீர் ஒரு தாமிரக் குழாய் வழியே வீட்டின் வெளிச்சுவருக்குப் போய்விடுவதால் உள்ளே ஒரு துளி ஈரமும் தெரியாது. தொடக்கத்தில் வெளியேறுவது ஓரிரு கோப்பை அளவுதான். மறுநாள் காலை முள் சற்றே இறங்கியிருக்கும், வீட்டார் நீரேற்றுவர், மாலையில் அதே அளவு மீண்டும் வெளியே போகும். வாயு முற்றிலும் தீர்ந்த நாளில் பெருகிய 3 லிட்டரும் வெளியேறி, குளிர்ந்த பின் முள் சுழியில் கிடக்கும். ஆகவே, சூட்டில் 3-ஐ நெருங்கிக் குளிரில் 1-க்குக் கீழே விழும் முள்ளைக் கண்டால், தரைப்பலகைகளைப் பெயர்த்துக் கசிவு தேடுவதற்கு முன் விரிவுக்கலத்தைச் சோதிப்பதே முறை. முறை தெரியாதவர்கள் பெயர்த்துப்போட்ட நல்ல தரைகள் ஏராளம்.

சோதனைக்கான கருவி எளியது. கலத்தின் வாயுப்பக்கத்தில் கார் டயரில் உள்ளதே போன்ற வால்வு இருக்கும். டயர் மானியும் கால்பம்பும் போதும். ஆனால் நீர்ப்பக்கத்தில் அழுத்தம் இருக்கும்போது அளந்தால், சவ்வு வளையக்கூடியதாகையால், மானி காட்டுவது நீரின் அழுத்தத்தையே, 0.3-க்கு இறங்கிய கலமும் அப்போது 1 பார் என்று காட்டி ஏமாற்றும். இப்பிழையைச் செய்பவர்கள் தொழிலுக்குப் புதியவர்கள் மட்டும் அல்லர். பாய்லரை நிறுத்தி ஆறவிட்டு, சுற்றுக்குப் போகும் குழாயிலும் திரும்பிவரும் குழாயிலும் அடியில் உள்ள இரு வால்வுகளையும் மூடி, பாய்லரின் நீரை வடித்து, வடிகாலைத் திறந்தே வைத்துக்கொண்டு காற்றடிக்க வேண்டும். அடிக்க அடிக்கச் சவ்வு தள்ளும் நீர் வடிகாலில் வந்துகொண்டிருக்கும்; அது நின்ற பின் கையேடு சொல்லும் அளவுக்கு, வழக்கமாக 0.75 முதல் 1 பார் வரை, அடித்துவிட்டு வடிகாலை மூடி நீரேற்றலாம். வால்வின் ஊசியை அழுத்தும்போது காற்றுக்குப் பதில் நீர் வந்தால் சவ்வு கிழிந்துவிட்டது என்று பொருள். அதற்குக் காற்றடித்துப் பயனில்லை. காற்று ஏறியும் வடிகாலில் நீரே வராவிட்டால், கலத்தையும் சுற்றையும் இணைக்கும் மெல்லிய குழாய் கசடால் அடைபட்டிருக்கக்கூடும். கலம் நலமாக இருந்தும் முள் 3-க்கு ஓடும் புதிர் இதனால் விளைவது; புதிய கலத்தை மாட்டியும் நோய் தீராத வீடுகளில் பெரும்பாலும் இதுவே நிகழ்ந்திருக்கும். பல காம்பி பாய்லர்களில் இக்கலம் பாய்லரின் முதுகுப்புறத்தில் ஒளிந்திருப்பதால், அதை எடுக்கப் பாய்லரையே சுவரிலிருந்து இறக்க நேரும். அத்தகைய இடங்களில் பழைய கலத்தை அப்படியே விட்டுவிட்டு, பாய்லருக்குத் திரும்பிவரும் குழாயில் வெளியே தனியொரு கலத்தைச் சேர்ப்பது செலவு குறைந்த, குறைசொல்ல இடமில்லாத வழி.

கலத்தைச் சரிசெய்த பின்னும் கதை முடியாமல் போவதுண்டு. பல மாதங்கள் அடிக்கடி திறந்து மூடிய பாதுகாப்பு வால்வின் இருக்கையில் மணலளவு கசடு ஒட்டிக்கொண்டால், அது இனி முழுதாக மூடாது. அழுத்தம் 1 பாரில் இருக்கும்போதே துளித்துளியாக விட்டுக்கொண்டிருக்கும். வெளிச்சுவரில் உள்ள அக்குழாயின் வாயில் ஒரு பிளாஸ்டிக் பையை இரவில் கட்டிவைத்துக் காலையில் பார்ப்பது தொழிலாளர்களின் பழைய உத்தி. பையில் நீர் இருந்தால் வால்வை மாற்ற வேண்டியதுதான், சுத்தம் செய்து பார்ப்பதெல்லாம் வீண்வேலை.

முள் சூட்டில் அளவோடு ஏறி, ஆனால் நாளுக்கு நாள் மெல்ல இறங்கிக்கொண்டே போனால், அது உண்மையான கசிவு. முதலில் தீர்மானிக்க வேண்டியது கசிவு பாய்லருக்கு உள்ளேயா, வெளியேயா என்பது. பாய்லரை நிறுத்தி, நன்றாக ஆறிய பின், அடியிலுள்ள இரு வால்வுகளையும் இரவு முழுவதும் மூடிவைக்க வேண்டும். அந்நிலையில் எக்காரணம் கொண்டும் பாய்லரை இயக்கக்கூடாது. மானி பாய்லரின் பக்கத்தில் இருப்பதால், காலையில் முள் இறங்கியிருந்தால் குற்றம் உள்ளே. முள் அசையாமலிருந்து வால்வுகளைத் திறந்ததும் சட்டென்று விழுந்தால் குற்றம் குழாய்களிலோ ரேடியேட்டர்களிலோ. இவ்வளவு எளிய சோதனை செய்யப்படாமலேயே பாய்லர் மாற்ற வேண்டும் என்று விலை சொல்லப்படுவது இத்தொழிலின் வெட்கக்கேடுகளுள் ஒன்று.

உள்ளே கசியும் நீரும் கண்ணுக்குப் படாமல் போக ஒரு வழி உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஏப்ரல் முதல் புதிதாகப் பொருத்தப்படும் எரிவாயு பாய்லர்கள் பெரும்பாலும் புகையிலுள்ள நீராவியையும் குளிர்வித்து அதன் வெப்பத்தைக் கறக்கும் வகையைச் சேர்ந்தவையாதலால், அவ்வாறு உண்டாகும் நீரை வெளியேற்ற ஒரு பிளாஸ்டிக் குழாய் அவற்றில் இருக்கும். தீக்கும் நீருக்கும் இடையிலுள்ள முதன்மை வெப்பமாற்றியில் விரிசல் விட்டால், சுற்றின் நீர் அக்குழாய் வழியே சாக்கடைக்குப் போய்விடும். பாய்லர் பல மணிநேரம் எரியாமல் இருக்கும்போதும் அக்குழாயில் சொட்டு நிற்காவிட்டால் ஐயத்துக்கு இடமில்லை. அந்நிலையில் பழுதுபார்ப்பதா, பாய்லரையே மாற்றுவதா என்பது அதன் வயதைப் பொறுத்தது.

வெளியே உள்ள கசிவுகளில் பெரும்பாலானவை ரேடியேட்டர் வால்வுகளின் திருகுமரைகளிலேயே இருக்கும். சூடான குழாயில் சொட்டு விழுவதற்குள் ஆவியாகிவிடுவதால் ஈரம் தெரியாது. அது விட்டுச்செல்லும் பச்சையோ வெண்மையோ கலந்த உப்புப்படிவமே அடையாளம். கம்பளத்தின் ஓரத்தைப் பிடித்து நிறுத்தும் ஆணிப்பட்டிகளை அடிக்கும்போது ஓர் ஆணி கீழேயுள்ள தாமிரக் குழாயைத் துளைத்துவிடுவதும், அந்த ஆணியே துளையை அடைத்துக்கொண்டு நிற்பதால் அது துருப்பிடித்துத் தேயும்வரை ஆண்டுக்கணக்கில் கசிவே இல்லாதிருப்பதும் இத்தொழிலில் உள்ளோர் நன்கறிந்த விந்தை. காப்புறை இல்லாமல் சிமெண்டுத் தளத்தில் புதைக்கப்பட்ட தாமிரக் குழாய் அரிக்கப்படுவதே எல்லாவற்றிலும் கடினமானது. சுற்றைச் சூடாக்கி வெப்பப்படக் கருவியால் தரையைப் பார்ப்பதும், 5 விழுக்காடு ஹைட்ரஜனும் 95 விழுக்காடு நைட்ரஜனும் கலந்த வாயுவைக் குழாயில் செலுத்தி மேலே வரும் தடத்தை மோப்பக் கருவியால் பிடிப்பதும் அதற்கான முறைகள்.

இவற்றுக்கு நேர்மாறான நோய், எவரும் தொடாமலே முள் ஏறுவது. நீரேற்றுவதற்கான வளையும் குழாய், அதாவது நகரக் குடிநீரையும் சுற்றையும் இணைக்கும் தற்காலிகப் பாலம், நிரப்பிய பின் கழற்றப்பட வேண்டும் என்பது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய 1999-ஆம் ஆண்டு நீர்ப்பொருத்துதல் விதிகளின் எதிர்பார்ப்பு; சுற்றின் கறுத்த நீர் குடிநீருக்குள் பின்னோக்கிப் போய்விடக்கூடாது என்பதே காரணம். நடைமுறையில் அது மாட்டியபடியே கிடக்கிறது. அதன் வால்வு ஒரு நூலிழை விட்டாலும் முள் ஏறிக்கொண்டே போகும். அதைக் கழற்றிவிட்ட பின்னும் ஏறினால், குழாய் வெந்நீரைச் சூடாக்கும் தகட்டு வெப்பமாற்றியில் ஊசித்துளை விழுந்து, அழுத்தம் மிகுந்த குடிநீர் சுற்றுக்குள் நுழைகிறது என்று கொள்ளலாம். கோடையில், ஹீட்டிங் அணைந்திருக்கும் நாட்களில் முள் உயர்வது இதன் தெளிவான அறிகுறி.

அடிக்கடி நீரேற்றுவதால் விளையும் கேடு அழுத்தத்தோடு நிற்பதில்லை. புதிய நீர் ஒவ்வொரு முறையும் புதிய ஆக்சிஜனைக் கொண்டுவந்து ரேடியேட்டர் இரும்பை அரிக்கிறது. அதில் பிறக்கும் மேக்னடைட் என்ற கருநிற இரும்பு ஆக்சைடு சேறாகப் படிந்து, விரிவுக்கலத்தின் குழாயையும் பாதுகாப்பு வால்வின் இருக்கையையும் மானியின் குழலையும் அடைக்கிறது. அரிப்பில் ஹைட்ரஜனும் பிறக்கிறது. வாரந்தோறும் காற்று வெளியேற்ற வேண்டியிருக்கும் ரேடியேட்டரில் இருப்பது பல வேளைகளில் காற்றே அன்று, தீப்பற்றும் வாயு. லண்டன் போன்ற கடினநீர்ப் பகுதிகளில் சுண்ணாம்புப் படிவு வேறு சேர்கிறது. அரிப்புத் தடுப்பு மருந்தும், நீர் வெளியேறி வெளியேறி நிரப்பப்படும் சுற்றில் நீர்த்துப்போகிறது.

கசிவை அடைக்கும் திரவங்கள் புட்டிகளில் விற்கப்படுகின்றன. சுற்றில் ஊற்றினால் காற்றுப்படும் இடத்தில் இறுகி ஓட்டையை மூடும் என்பது அவற்றின் வாக்குறுதி. தளத்தை உடைக்க வழியே இல்லாத வீட்டில் கடைசி மருந்தாக அவற்றுக்கு இடம் உண்டு. ஆனால் தானியங்கிக் காற்றுப்போக்கியும் காற்றைத் தொடும் உறுப்புத்தான், அதையும் அவை அடைத்துவிடக்கூடும் என்பதால், சோதனைகளுக்கு முன்பே அவற்றை ஊற்றும் பணியாளரை நம்புவதற்கில்லை.

வீட்டார் நீரேற்றலாம், ரேடியேட்டரில் காற்றை வெளியேற்றலாம், மானியைப் படிக்கலாம். எரியறையின் உறையைத் திறக்கும் வேலை எதுவும், 2009 ஏப்ரல் 1 முதல் காற்கி என்ற எரிவாயுப் பணியாளர் பதிவுக்குப் பதிலாக வந்த கேஸ் சேஃப் பதிவேட்டில் இடம்பெற்றவருக்கே உரியது. அவருடைய அட்டையின் பின்புறத்தில் எந்தெந்த வேலைகளுக்குத் தகுதி உண்டு என்பது அச்சிடப்பட்டிருக்கும், கேட்டுப் பார்ப்பதில் கூச்சம் வேண்டியதில்லை. அவரை அழைப்பதற்கு முன் ஒரு வாரம், காலையில் பாய்லர் எரிவதற்கு முன்பும் மாலையில் நன்றாகச் சூடேறிய பின்பும் முள் காட்டிய எண்களையும், நீரேற்றிய நாட்களையும் ஒரு தாளில் எழுதிப் பாய்லரின் அருகே ஒட்டிவையுங்கள். வருபவர் திறமையானவராயின், கருவிப்பையைத் திறப்பதற்கு முன் அந்தத் தாளைத்தான் கேட்பார்.